குரோம் முலாம் பூசிய பிளாஸ்டிக்கில் கீறல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் கிரில், கதவுக் கைப்பிடி, காரின் பக்கக் கண்ணாடிக்கு மேல் உள்ள மூடி, ஷவர் தலை, வாஷிங் மெஷின் குமிழ், பழைய ரேடியோவின் முன்வளையம் என்று உலோகம் மாதிரி மின்னுகிற பல பொருட்கள் உள்ளே வெறும் பிளாஸ்டிக்தான். அதில் ஒரு கோடு விழுந்ததும் கை தானாகப் பாலிஷ் டப்பாவைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள், முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

கீறலைத் தேய்த்துத் தேய்த்துப் போக்கிவிட முடியுமா?

குரோமிலேயே விழுந்த கீறல் என்றால் முடியாது. காரின் பெயின்ட்டில் கீறல் விழுந்தால் சுற்றியுள்ள கிளியரை, அதாவது மேலே பூசிய நிறமற்ற பூச்சைக் கொஞ்சம் தேய்த்து, பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து கீறலை மறையச் செய்யலாம். அங்கே தேய்ப்பதற்குக் கனம் இருக்கிறது, இங்கே இல்லை. அலங்காரக் குரோமின் கனம் பெரும்பாலும் 0.1 முதல் 0.5 மைக்ரான் வரைதான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் இருக்கும். உப்புத்தாளில் மிக நைசு என்று நாம் நினைக்கிற 2000 நம்பர் தாளின் ஒரு துகளே கிட்டத்தட்ட 10 மைக்ரான். அதாவது நீங்கள் நீக்கப் பார்க்கிற படலத்தைவிட, அதைத் தேய்க்கிற மணல்துகள் இருபது மடங்குக்கு மேல் பெரியது. இந்தக் கணக்கை ஒருமுறை மனதில் போட்டுவிட்டால் பாதிப் பாகங்கள் தப்பித்துவிடும்.

ஆனால் நாம் கீறல் என்று நினைக்கிற எல்லாமே கீறல் இல்லை. அதனால்தான் தேய்ப்பதற்கு முன் பார்க்கச் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் மேல் குரோம் எப்படி ஒட்டுகிறது? அது தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

ஆகும். பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கைத்தான் இதற்கு எடுப்பார்கள், அல்லது அதோடு பாலிகார்பனேட் கலந்ததை. ஏபிஎஸ்ஸுக்குள் ரப்பர் போன்ற சிறு உருண்டைகள் பரவியிருக்கும். அமிலத்தில் முக்கினால் மேற்பரப்பில் உள்ள அந்த உருண்டைகள் மட்டும் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டாகும். அந்தக் குழிகளில் பல்லேடியம் என்ற உலோகம் விதையாகப் போய் உட்காரும். அதைப் பிடித்துக்கொண்டு முதலில் மின்சாரம் இல்லாமலேயே ஒரு மெல்லிய நிக்கலோ செம்போ படியும், அப்புறம் மின்சாரம் கொடுத்துத் தடிமனாகச் செம்பு, அதற்கு மேல் நிக்கல், கடைசியில் குரோம்.

கண்ணாடி மாதிரியான அந்தப் பளபளப்பைத் தருவது பெரும்பாலும் நிக்கல்தான். மேலே இருக்கிற குரோம் நிக்கல் மங்காமல் காக்கிற கவசம், கூடவே அந்தக் குளிர்ந்த நீலச் சாயலையும் கொடுக்கிறது. எல்லாம் சேர்த்தாலே சில பத்து மைக்ரான்தான் தேறும், அதில் பெரும்பங்கு செம்பும் நிக்கலும்.

கீறல் எவ்வளவு ஆழம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம். நன்றாகக் கழுவித் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, முடிந்தால் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கோட்டின் அடியும் சுற்றியுள்ள இடமும் ஒரே நீலவெள்ளை என்றால் குரோம் போகவில்லை, அல்லது உங்களுடையது குரோமே இல்லாத வேறு பூச்சு (அதற்கு அடுத்த கேள்வி). அடி லேசாக மஞ்சளடித்தால், பழைய வெள்ளிக் கொலுசு நிறத்தில் இருந்தால், நிக்கல் வரைக்கும் போயிருக்கிறது. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் செம்பு. கறுப்போ சாம்பலோ பாலாடை வெள்ளையோ தெரிந்தால் கடைசிவரை போய்விட்டது, அது பிளாஸ்டிக்.

நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் அங்கே பள்ளம் இருக்கிறது, எந்த மெழுகும் அதை மறைக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குரோம் மிகக் கடினமான உலோகம், சாவியோ மோதிரமோ அதைச் சுலபத்தில் வெட்டாது. ஆனாலும் ஏன் கீறல் விழுகிறது? கீழே இருக்கிற செம்பும் பிளாஸ்டிக்கும் மெத்து. வெயிலில் காய்ந்த ஏரிச் சேற்றின் மேல் ஓடு கட்டியிருக்குமே, காலை வைத்தால் ஓடு உடையாமல் நிற்காது, அதே கதைதான். அழுத்தம் விழுந்ததும் அடி இறங்குகிறது, மேலே உள்ள குரோம் விரிசல் விடுகிறது.

என்னுடையது உண்மையான முலாம்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். குரோம் மாதிரி மின்னுகிற பிளாஸ்டிக்கில் குறைந்தது மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று மேலே சொன்ன மின்முலாம். இரண்டாவது, வெற்றிட அறைக்குள் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்து, மேலே ஒரு கிளியர் பூசியது. பொம்மைகள், மாடல் கிட்டுகள், அழகுசாதன டப்பாக்களின் மூடிகள், மலிவான குமிழ்கள் எல்லாம் பெரும்பாலும் இதுதான். மூன்றாவது, வெறும் பெயின்ட் அல்லது சூட்டில் ஒட்டிய ஃபாயில்.

மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் வேலை சுலபம். அதன் குமிழை, மின்சாரம் பாய்ந்தால் பீப் அடிக்கும் இடத்தில் வைத்து, இரண்டு முனைகளையும் மேற்பரப்பில் ஒரு அங்குல இடைவெளியில் லேசாகத் தொடுங்கள், பார்வைக்குப் படாத பக்கத்தில். பீப் அடித்தால் மின்முலாம். அடிக்காவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது அல்லது அது பெயின்ட். மீட்டர் இல்லையென்றால் கீறலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈரமாக இருக்கும்போது கோடு காணாமல் போய், காய்ந்ததும் திரும்பி வந்தால் கீறல் கிளியரில்தான் இருக்கிறது. இது நல்ல செய்தி.

என்னிடம் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. ஸ்பீக்கரைச் சுற்றி வெள்ளி வளையம், அதில் மயிரிழை மாதிரி இரண்டு கோடுகள். பித்தளைக்குப் போடுகிற பாலிஷைத் துணியில் எடுத்துத் தேய்த்தேன். துணி கறுப்பாக ஆக ஆக, 'ஆகா, அழுக்கு வருகிறது' என்று சந்தோஷமாக இன்னும் அழுத்தினேன். பத்து நிமிஷத்தில் வளையத்தின் ஒரு பக்கம் சாம்பல் பிளாஸ்டிக்காக என்னைப் பார்த்துச் சிரித்தது. துணியில் வந்தது அழுக்கு இல்லை, அலுமினியம். மீட்டர் பக்கத்து மேஜையில்தான் கிடந்தது.

கீறல் மாதிரி இருக்கிறது, ஆனால் நகம் தடுக்கவில்லை. அது என்ன?

பெரும்பாலும் வேறு ஏதோ பொருள் உங்கள் குரோமின் மேல் விட்டுப் போன தடம். குரோம் கடினம் என்றோமில்லையா, அதனால் சாவி, பெல்ட் கொக்கி, இன்னொரு வண்டியின் பம்பர் எது உரசினாலும் தேய்வது பல நேரம் அந்தப் பொருள்தான். அது ஒரு கோடாக இங்கே ஒட்டிக்கொள்ளும். கரும்பலகையில் சாக்பீஸ் எழுதுவது மாதிரி.

இதை எடுப்பது சுலபம். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். போகாவிட்டால் துணியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பெயின்ட் தடமாக இருந்தால் காருக்குப் போடும் மென்மையான பாலிஷை மைக்ரோஃபைபர் துணியில் ஒரு பட்டாணி அளவு எடுத்து, கோட்டின் மேல் மட்டும் விரல் நுனியால் தேயுங்கள். நாலைந்து தடவைக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். உங்களுடையது மின்முலாம் என்று உறுதியானால் மட்டும்தான் இந்தக் கடைசி வழி.

அசிட்டோனையோ தின்னரையோ தொடவே வேண்டாம். குரோமுக்கு அவை ஒன்றும் செய்யாது, ஆனால் கீறல் வழியாக உள்ளே போனால் ஏபிஎஸ்ஸைக் கரைக்கும். அடியில் பிளாஸ்டிக் வீங்கினால் மேலே முலாம் பொக்குளமாக எழும்பிவிடும்.

பற்பசை, சமையல் சோடா, ஸ்டீல் கம்பளி, அலுமினிய ஃபாயில்... இதெல்லாம் வேலை செய்யுமா?

வீடியோக்களில் எல்லாம் வேலை செய்கிறது! பற்பசையில் இருக்கும் துகள்கள் குரோமைவிட மெத்தானவை, ஆகவே மேலே ஒட்டிய தடத்தை எடுக்கும், கீறலை எடுக்காது. 'பற்பசையால் கீறல் போய்விட்டது' என்று யாராவது சொன்னால் அவருக்கு இருந்தது கீறல் இல்லை என்று அர்த்தம். கிளியர் பூசிய பாகத்தில் அதே பற்பசை பனிமூட்டம் மாதிரி ஒரு மங்கலை விட்டுவிடும். சமையல் சோடாவும் அப்படியே.

மிக நைசான ஸ்டீல் கம்பளியும் தண்ணீரில் நனைத்த அலுமினிய ஃபாயிலும் இரும்பின் மேல் குரோம் பூசிய பழைய பம்பர், சைக்கிள் கைப்பிடி போன்றவற்றில் துருவை எடுக்கச் சொல்லும் யோசனைகள். அங்கே துரு உண்டு, கீழே கெட்டியான இரும்பும் உண்டு. பிளாஸ்டிக்கில் இரண்டும் கிடையாது. கடினமான மேல்படலம் ஒருவேளை தாங்கினாலும் கீறலின் ஓரத்தில் தூக்கிக்கொண்டிருக்கும் முலாமைக் கம்பளி இழை பிடித்து இழுத்துவிடும்.

இவற்றைவிட மோசமானது கழிவறை கழுவும் அமிலம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமைக் கரைக்கும், அது இருக்கிற எதையும் குளியலறைக் குரோம் பக்கத்தில் வைக்காதீர்கள். ப்ளீச்சில் அப்படியே ஊறவிடுவதும் கூடாது. மாடல் கிட் செய்கிறவர்கள் பொம்மைக் கார்களின் வெள்ளிப் பூச்சை வேண்டுமென்றே உரிக்கப் பயன்படுத்துவதே ப்ளீச்தான்.

சில இடங்களில் துரு மாதிரி பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவே?

பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. இரும்பு இருந்தால்தானே துரு! பழுப்புப் புள்ளி என்றால் வெளியிலிருந்து வந்து ஒட்டிய இரும்புத்தூள், காரில் என்றால் பிரேக் தூசி, குளியலறையில் என்றால் தண்ணீரில் உள்ள இரும்பு. இவை கழுவினால், அல்லது மென்மையான பாலிஷில் போகும். பச்சையாகப் பூத்திருந்தால் விஷயம் வேறு. அது அடியிலுள்ள செம்பு அரிக்கிறது என்பதற்கு அடையாளம், அந்த இடத்தில் குரோமும் நிக்கலும் ஏற்கெனவே ஓட்டை விழுந்திருக்கின்றன. அதைச் சுத்தம் செய்யலாம், திருப்பிக் கொண்டுவர முடியாது. சுத்தம் செய்து காயவைத்து, மேலே ஒரு துளி கிளியர் வைத்து மூடினால் பரவுவது மட்டுப்படும்.

மெழுகு போட்டால் மறையுமா?

மயிரிழைக் கோடுகளுக்குக் கொஞ்சம் உதவும். கீறல் கண்ணில் படுவதே அதன் ஓரங்கள் வெளிச்சத்தை வேறு திசையில் தெறிப்பதால்தான். மெழுகு அந்த ஓரங்களை மழுக்கிக் காட்டும். கிளியர் பூசிய பாகங்களில் இன்னும் நன்றாக வேலை செய்யும். ஆனால் நாலைந்து முறை கழுவினால் போய்விடும், திரும்பப் போட வேண்டும். நிறம் மாறிய கீறலுக்கு மெழுகால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: பின்னால் மார்க்கரோ பெயின்ட்டோ போடும் எண்ணம் இருந்தால் இப்போது மெழுகு போடாதீர்கள், எதுவும் அதன் மேல் ஒட்டாது.

கிளியரில் மட்டும் கீறல் என்றால்?

பிளாஸ்டிக் பாலிஷ், அல்லது காருக்குக் கடைசியாகப் போடும் மிக நைசான பாலிஷ். கையால் மட்டும், மெஷின் வேண்டாம். கிளியர் மெல்லியது, அதற்கடியில் இருக்கும் அலுமினியம் அதைவிட மெல்லியது. கோடு பாதி மங்கியதும் நிறுத்திவிடுங்கள். முழுக்கப் போக வேண்டும் என்கிற ஆசைதான் பாகத்தைக் காலி செய்யும். துணியில் சாம்பல் சாயம் ஏறினால் உடனே கையை எடுங்கள்.

நிக்கலோ பிளாஸ்டிக்கோ தெரிகிற சின்னக் கீறலை எப்படி மறைப்பது?

குரோம் மார்க்கர் பேனா. திரவக் கண்ணாடி மாதிரி மை உள்ள, ஆல்கஹால் சார்ந்த பேனாக்கள் கிடைக்கின்றன, மெல்லிய முனை உள்ளதை வாங்குங்கள். சாதாரண வெள்ளி நிறப் பேனா சாம்பலாகத் தெரியும், பரவாயில்லை என்றால் அதுவும் போதும். நெயில் பாலிஷ் வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தாக்கக்கூடியது.

இடத்தை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். கீறலின் ஓரத்தில் முலாம் துருத்திக்கொண்டிருந்தால் பல்குத்தும் குச்சியால் அமுக்கிப் படியவைத்துப் பாருங்கள், படியாவிட்டால் கூரான பிளேடால் அந்த மயிரிழையை மட்டும் வெட்டி எடுங்கள், இழுக்காதீர்கள். பேனாவை நேராகக் கோட்டில் வைக்காமல், ஒரு பிளாஸ்டிக் மூடியில் ஒரு சொட்டு மையை விட்டு, குச்சி முனையில் தொட்டு, பள்ளத்துக்குள் விடுங்கள். மை தானே ஓடிப்போய்ப் பள்ளத்தில் உட்காரும். வெளியே வழிந்ததை உடனே ஆல்கஹால் தொட்ட பஞ்சால், கோட்டுக்கு இணையாகத் துடையுங்கள், குறுக்கே துடைத்தால் உள்ளே போட்டதும் வந்துவிடும். அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தொடவே கூடாது, இரண்டு நாள் விட்டால் இன்னும் நல்லது. 'காய்ந்துவிட்டதா' என்று விரல் வைத்துப் பார்ப்பீர்கள், அந்த விரல்ரேகையோடு அது சாம்பலாகிவிடும். நானும் வைத்துப் பார்த்தேன்.

இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. மூக்கை ஒட்டிப் பார்த்தால் தெரியும். அதற்கு மேல் இந்த முறையில் கிடைக்காது.

அந்தப் பாகம் முழுவதும் குரோம் ஸ்பிரே அடித்துவிட்டால்?

கடையில் கிடைக்கும் ஸ்பிரே கேனில் மூடியின் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரும்பாலானவை அடித்ததும் கண்ணாடி மாதிரி இருக்கும், காய்ந்தால் அலுமினியத் தட்டு மாதிரி ஆகிவிடும். காயவைத்து மேலே கிளியர் அடித்தால் இன்னும் ஒரு படி மங்கும், அடிக்காவிட்டால் கை பட்ட இடமெல்லாம் சாம்பலாகும். அடியில் பளபளப்பான கறுப்பு அடித்து, அது முழுக்கக் காய்ந்தபின் மிக மெல்லியதாகக் குரோம் ஸ்பிரே அடித்தால் ஓரளவு தேறும். பக்கத்தில் உண்மையான குரோம் இல்லாத தனிப் பாகத்துக்கு இது சரி. கார் கிரில்லில் ஒரு பட்டைக்கு மட்டும் அடித்தால் மற்ற மூன்று பட்டைகளும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கீறல் உள்ள இடத்தில் மட்டும் ஒரு வட்டமாக ஸ்பிரே அடிக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். பெயின்ட்டுக்கு ஓரம் கலக்கலாம், கண்ணாடிப் பரப்புக்கு ஓரம் கலக்க வழியில்லை.

ஸ்டிக்கர், டேப், ஃபாயில்?

நேரான பட்டை, வளையம், கார் கதவின் கீழ்க்கோடு மாதிரி எளிய வடிவம் என்றால் நானே முதலில் இதைத்தான் சொல்வேன். பின்பக்கம் பசையுள்ள குரோம் டேப்பைக் கீறலின் மேல் மட்டும் ஒரு துண்டு ஒட்டினால் பிளாஸ்திரி போட்ட மாதிரி இருக்கும், ஆகவே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, இயல்பாக ஒரு மூட்டு இருக்கிற இடத்தில் முடிகிற மாதிரி ஒட்டுங்கள். அடியில் ஒரு தூசு இருந்தாலும் பருப்பு மாதிரி துருத்தும், குரோமில் எதுவும் ஒளியாது.

சின்ன, வளைந்த பாகங்களுக்கு மாடல் கார் செய்கிறவர்கள் பயன்படுத்தும் மெல்லிய பசை ஃபாயில் இருக்கிறது. அது காகிதத்தைவிட மெல்லியது, பஞ்சு முனையால் தேய்த்தால் வளைவுகளில் படியும். ஆனால் அதன் மெல்லிசு இரண்டு பக்கமும் வெட்டும், கீழே உள்ள பள்ளம் அப்படியே மேலே தெரியும். கை அடிக்கடி படும் இடத்துக்கு ஆகாது.

எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கறுப்பாக்கிவிடலாமா?

தாராளமாக. என் அபிப்பிராயத்தில் பெரிய கீறலுக்கு இதைவிட நேர்மையான வழி இல்லை. கறுப்பு, அடர்சாம்பல், மேட் வெள்ளி எதுவானாலும் பக்கத்திலுள்ள எதனோடும் பொருந்த வேண்டிய கட்டாயம் கிடையாது, பார்க்கிறவர் 'இப்படித்தான் வந்தது போலிருக்கிறது' என்று போய்விடுவார்.

சுலபமான வழி வினைல் ராப், அதாவது பின்பக்கம் பசையுள்ள பிளாஸ்டிக் உறை. சுத்தம் செய்து, நீட்டி ஒட்டி, ஓரத்தை உள்பக்கம் மடக்குங்கள், ஹேர் டிரையர் சூடு போதும்.

பெயின்ட் என்றால் முழு உழைப்பும் அடியைத் தயார் செய்வதில்தான். குரோம் வழவழப்பு, எதுவும் அதில் ஒட்டாது. பாகத்தைக் கழற்றுங்கள். கழுவி, ஆல்கஹால் போட்டு எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு முழுக்க மங்கும்வரை தேயுங்கள், எங்கேயாவது ஒரு பொட்டு மின்னினாலும் பெயின்ட் முதலில் உரியப்போவது அங்கேதான். நிக்கல் தெரிந்தாலும் செம்பு தெரிந்தாலும் கவலை இல்லை, இப்போது நமக்குத் தேவை சொரசொரப்பு. பிறகு உலோகத்தில் ஒட்டும் என்று டப்பாவில் எழுதியுள்ள எபாக்ஸி பிரைமர் அல்லது எட்ச் பிரைமர் (அடிப்பூச்சு), அப்புறம் நிறம், அப்புறம் கிளியர். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக அடியுங்கள், ஒரே தடவையில் தடிமனாக அல்ல. உரித்துவிடலாம் என்று சொல்லி விற்கும் ரப்பர் பெயின்ட்டும் உண்டு. பிடிக்காவிட்டால் உரித்துப் பழைய கீறலோடு சமாதானமாகிவிடலாம்.

முலாம் உரிந்து தூக்கிக்கொண்டு நிற்கிறது, விரலை வெட்டிவிட்டது. என்ன செய்ய?

இது அழகுப் பிரச்சினை இல்லை, காயப் பிரச்சினை, முதலில் கவனிக்க வேண்டியதும் இதுதான். பிளாஸ்டிக்கிலிருந்து உரியும் முலாம் செம்பும் நிக்கலும் சேர்ந்த ஒரு தகடு, ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். கதவுக் கைப்பிடியின் உள்பக்கம், கியர் குமிழ், ஷவர் தலை என்று பார்க்காமல் கை போகிற இடங்களில்தான் இது நடக்கும். குழந்தைகள் தொடுகிற பாகம் என்றால் இன்றைக்கே ஒரு டேப்பைச் சுற்றிவிடுங்கள்.

அப்புறம் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டு, தளர்ந்த பகுதியைக் கட்டர் அல்லது சிறு இடுக்கியால் எடுங்கள். கெட்டியாக ஒட்டியிருக்கும் எல்லை வந்ததும் நிறுத்தி, அந்த விளிம்பை நனைத்த உப்புத்தாளால் சரிவாக்கி, மேலே கிளியர் அல்லது எபாக்ஸி பூசி மூடுங்கள். தூக்கியதைச் சூப்பர் பசை போட்டுத் திரும்ப ஒட்டுவது கொஞ்ச நாள் நிற்கும். வெயிலில் ஏபிஎஸ் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும், இரவில் சுருங்கும், மறுபடி வாயைப் பிளக்கும்.

குழி விழுந்திருக்கிறது. பட்டி பார்த்து நிரப்பலாமா?

மேலே பெயின்ட் அல்லது ராப் போடப்போகிறீர்கள் என்றால் நிரப்பலாம். பிளாஸ்டிக்குக்கான எபாக்ஸி பட்டி, நன்கு சொரசொரப்பாக்கிய இடத்தில். குரோமாகவே இருக்க வேண்டும் என்றால் வேண்டாம், பட்டியின் மேல் மினுமினுப்பு வராது.

ஹீட் கன் காட்டினால் கீறல் மறையுமா?

அது முலாம் பூசாத கறுப்பு பம்பருக்குச் சொல்லும் யோசனை. ஏபிஎஸ் சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இளகிவிடும், ஹீட் கன் அதைப்போல் பல மடங்கு சூடு. உலோகம் அப்படியே இருக்க அடியில் பிளாஸ்டிக் இளகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மறுபடி முலாம் பூசித் தருவார்களா?

இரும்புக்கு முலாம் போடுகிறவர்களில் பலர் பிளாஸ்டிக் என்றால் வாங்க மாட்டார்கள். பழைய உலோகத்தை அமிலத்தில் உரித்து, கீறலைச் சரிசெய்து, மின்சாரம் கடத்தும்படி மேற்பரப்பைத் தயார்செய்து மறுபடி செம்பிலிருந்து தொடங்க வேண்டும். புதுப் பாகம் கிடைக்கும் வண்டிக்கு இது கட்டுப்படியாகாது. பாகமே கிடைக்காத பழைய வண்டி, பழைய ரேடியோ என்றால் யோசிக்கலாம்.

இன்னொன்று வெள்ளி ஸ்பிரே முறை. கண்ணாடிக்கு வெள்ளி பூச 19ஆம் நூற்றாண்டில் வேதியியலாளர் லீபிக் கண்டுபிடித்ததன் வழிவந்தது. பளபளப்பான அடிக்கோட்டின் மேல் வெள்ளி நைட்ரேட் கரைசலும் அதை உலோகமாக்கும் கரைசலும் ஒன்றாகப் பீய்ச்சினால் வெள்ளி படியும், மேலே கிளியர் அடிப்பார்கள். பட்டி போட்ட இடத்தையும் இது மூடிவிடும் என்பதுதான் இதன் பெரிய லாபம். குரோமைவிடச் சற்று மஞ்சள் சாயலான நிறம், கீறல் தாங்கும் சக்தி மேலேயுள்ள கிளியரின் சக்திதான். இதை வீட்டில் கலந்து பார்க்க வேண்டாம். அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை மிச்சம் வைத்தால் அதில் வெடிக்கக்கூடிய பொருள் உண்டாகும்.

தேய்க்கும்போது வரும் தூசி ஆபத்தா?

மேலே இருப்பது உலோகக் குரோம், முலாம் தொட்டியில் இருக்கும் நச்சுக் குரோமியம் அல்ல. (அந்தத் தொட்டிகளுக்குக் கெடுபிடி அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21க்குப் பிறகு, அவற்றில் பயன்படும் குரோமியம் டிரையாக்சைடை அனுமதி நடைமுறைக்குள் வராமல் பயன்படுத்த முடியாது.) ஆனாலும் நிக்கல் தூசியை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. நனைத்தே தேயுங்கள், முகமூடி போடுங்கள், உலர்வாக மெஷின் போடாதீர்கள். நிக்கல் பலருக்குத் தோல் அரிப்பைக் கொடுக்கும். குரோம் தேய்ந்து நிக்கல் தெரிகிற கைப்பிடியையோ மூக்குக்கண்ணாடிச் சட்டத்தையோ தினமும் தொடுகிறவருக்குத் தடிப்பு வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம், அந்த இடத்தைக் கிளியரால் மூடிவிடுங்கள்.

புதுப் பாகமே வாங்கிவிடலாமா?

கை படும் இடத்தில் முலாம் உரிந்தால், பொக்குளம் எழும்பினால், பச்சை பூத்தால் வாங்கிவிடுங்கள். வாங்கும் முன் ஒரு விஷயம்: குரோம் பூசும் ரசாயனத்தில் பழைய வகையும் புது வகையும் உண்டு, புது வகையில் பூசியது சில நேரம் லேசாகக் கறுத்தோ மஞ்சளடித்தோ தெரியும். ஜோடியாக வருகிற பாகம் என்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், அல்லது வெயிலில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், கடை விளக்கில் எல்லாம் ஒரே நிறம்தான்.

எடுத்த பழைய பாகத்தை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள், ஒரு பையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை பேனாவோ ஸ்பிரேயோ வாங்கினால் முதலில் அதன் மேல் போட்டுப் பார்க்கலாம். என் டேப் ரெக்கார்டர் வளையம் இன்னும் அந்த வேலைக்குத்தான் இருக்கிறது, அதில் இப்போது ஏழெட்டு விதமான வெள்ளி.